பந்தல்குடிக்கு வந்த துப்பாக்கி

எங்கள் அத்தான் அருஞ்சுனை துப்பாக்கி வைத்திருந்தவர் என்று இன்றைக்குச் சொன்னால் பந்தல்குடியில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். பஸ்ஸில் எவனாவது அவர் காலை மிதித்துவிட்டால்கூட, மிதித்தவனிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். பல்லி கத்தினால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி கிளம்புவார். அப்படிப்பட்ட மனுஷனை நாலு நாள் ஜெயில் பயத்தில் கிடக்கவைத்தது அந்தச் சனியன் பிடித்த துப்பாக்கி.

நான் காளிராஜ். தூத்துக்குடி ரோட்டில் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை என்னுடையது. அத்தானின் மனைவி வெள்ளைத்தாய் எனக்குக் கூடப்பிறந்த அக்கா. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சங்கதியில் கோபப்படாதவன் மனுஷனாகவே இருக்க முடியாது.

அத்தானுக்குத் திருச்சுழிப் பக்கம் சொந்த ஊர். நாலு ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் கொத்தமல்லியும் பருத்தியும் உண்டு, பெய்யாவிட்டால் கருவேல முள் உண்டு. எழுபத்தெட்டில் மழை அடியோடு ஏமாற்றியபோது, விருதுநகரில் ஒரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த மண்டிக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து மல்லி மூட்டை வரும். அங்கேயே இருந்து சரக்கைப் பார்த்து, மோந்து, வாங்கி, லாரியில் ஏற்றிவிட ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார்கள். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பதால் அத்தானை அனுப்பிவைத்தார்கள். சிவபுரிப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன். ஒரு வருஷம் கழித்து அக்காவும் அம்மி, அரிவாள்மனை, ஒரு மூட்டை புளி சகிதம் அங்கே போய்ச் சேர்ந்தாள். அந்த ஊரில் எலுமிச்சம்பழத்தைத்தான் பிழிகிறார்களாம், நம் மாதிரி புளி கரைப்பதில்லையாம். அவளுக்கு அது பெரிய மனக்குறை.

அந்தப் பக்கம் அப்போது கொள்ளைக்காரர் பயம் இருந்த காலம். அத்தான் சரக்கை அடுக்கிவைத்து, அங்கேயே படுத்துக்கொண்ட கிட்டங்கிக்குச் சொந்தக்காரர் ஒரு பெரிய மீசைக்காரர். "என் கிட்டங்கியில் துப்பாக்கி இல்லாமல் ஒருத்தன் படுத்தால் எனக்குத்தான் கேவலம்" என்று சொல்லி, அவரே அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு, ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். நம் ஊரில் ரேஷன் கார்டுக்கு அலைகிற அலைச்சல்கூட அங்கே இல்லை என்று அத்தான் சொல்வார். நம் ஆட்கள் தோளில் துண்டு போடுகிற மாதிரி அங்கே ஆளுக்கு ஒரு துப்பாக்கி. டீக்கடைக்குப் போனாலும் தோளில், முடி வெட்டப் போனாலும் தோளில். இல்லாமல் போனால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்களாம். அத்தானும் மாட்டிக்கொண்டு போகப் பழகிவிட்டார்.

பதினாலு வருஷத்தில் அவர் அதைச் சுட்டது ஒரே ஒரு தடவை. மீசைக்காரர் மகன் கல்யாணத்தில் எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துச் சுட, இவரையும் சுடச் சொல்லி ஒரே வற்புறுத்தல். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு இழுத்தார். பந்தல் துணியில் ஒரு ஓட்டை விழுந்தது. அது பின்னால் உதைத்த உதையில் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கி, அக்கா பத்து நாள் பற்றுப் போட்டாள். அதற்கப்புறம் தோட்டா டப்பாவை விட்டு வெளியே வரவில்லை; துப்பாக்கி பகலில் வெறுமனே தோளில் தொங்கும், ராத்திரி தலைமாட்டு மூலையில் கிடக்கும்.

அக்காவுக்கு மட்டும் அது மூலையில் கிடக்கிற சாமான் இல்லை. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, அம்மி, தராசு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்காரும்போது துப்பாக்கியும் கூட உட்காரும். அது எப்படிப் பளபளக்கும் தெரியுமா? "அங்க எல்லாவன் துப்பாக்கியும் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கெடக்கும் மாப்ளே. நம்மது மட்டும் வெள்ளிக் கிண்ணம்" என்று அத்தான் பெருமையாகச் சொல்வார். நாங்களும் ஏதோ உயர்ந்த ஜாதி இரும்பு என்று நினைத்துக்கொண்டோம்.

தொண்ணூற்றிரண்டில் மண்டிக்காரர்கள் அங்கே ஆள் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அத்தானுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஊருக்கே வந்து, என் கடைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கடையில் பலசரக்கு வைப்பது என்று முடிவாயிற்று. துப்பாக்கியை அங்கேயே கொடுத்துத் தொலைத்துவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? அத்தானும் அப்படித்தான் நினைத்தார். அக்கா ஒரே பிடிவாதம். "பதினாலு வருசம் பூசையில இருந்த சாமான். அதை அனாதையா விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றுவிட்டாள். இவர் முறைப்படி அங்கே ஆபீஸில் சொல்லி, கொண்டுபோக ஒரு தாளும் வாங்கிக்கொண்டார். போகிற ஊரில் முப்பது நாளுக்குள் போலீஸிலும் கலெக்டர் ஆபீஸிலும் காட்டவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி வந்து இறங்கினார்கள். காந்தி ஜெயந்தி அன்றைக்குத்தான் என் வீட்டுக்குள் துப்பாக்கி நுழைந்தது. குழல் தனி, கட்டை தனியாகக் கழற்றி, ஒரு மெத்தைப் போர்வைக்குள் சுற்றி, கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார் அத்தான். பிரித்துப் பார்த்ததும் என் பெண்டாட்டி சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அத்தான், இது நம்ம ஊரு. தொண்ணூத்தி ஒண்ணுல அந்தக் குண்டு வெடிச்சதுக்கப்புறம் இங்க வேட்டு வெடிச்சாக்கூட போலீஸு வந்து நிக்கிது. ஆபீஸு தொறந்ததும் மொத வேலையா இதைக் குடுத்துருவோம். அதுவரைக்கும் வெளிய எடுத்துராதீக" என்றேன்.

"நான் எதுக்கு மாப்ளே எடுக்கப்போறேன்?" என்றார்.

மறுநாள் காலையில் நான் கடையில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்த்த டீக்கடையில் தடதடவென்று பெஞ்சு விழுகிற சத்தம். ரெண்டு லாரி டிரைவர்கள் டம்ளரோடு ரோட்டைத் தாண்டி ஓடிவருகிறார்கள். வடை போடுகிறவன் கரண்டியும் கையுமாக அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். நடுவில் எங்கள் அத்தான் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில், தோளில் துப்பாக்கியோடு நிற்கிறார். முகத்தில் சிரிப்பு வேறு.

"தம்பி, ஒரு டீ. சீனி கம்மி."

பதினாலு வருஷப் பழக்கம். காலையில் எழுந்தார், குளித்தார், அவர்பாட்டுக்குக் குழலையும் கட்டையையும் பூட்டி மாட்டிக்கொண்டு டீ குடிக்க வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தார்ப்பாயிலேயே அவரைச் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றியிருப்பேன். ஆனால் எனக்கு முன்னாலேயே ஒருத்தர் எழுந்துவிட்டார். ஏட்டு ராஜகுரு. டூட்டிக்குப் போகுமுன் கைலியும் பனியனுமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கிட்டே வந்தார்.

"அண்ணாச்சி, அதை அப்படியே பெஞ்சு மேல வைங்க. மெதுவா."

"தோட்டா இல்லைங்கய்யா" என்று சொன்ன பிறகுதான் அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓடின டிரைவர்களைப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னாலிருந்து தெரிந்த கரண்டியைப் பார்த்தார். அப்போதுதான் தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது. துப்பாக்கியைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

நான் வீட்டுக்கு ஓடி லைசென்ஸையும் தாளையும் கொண்டுவந்தேன். ராஜகுரு நிதானமான மனுஷன். தாளைப் படித்தார், முத்திரையைப் பார்த்தார், போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தார். "சரி, எல்லாம் முறையா இருக்கு. ஏன் அண்ணாச்சி, இதை மாட்டிக்கிட்டா டீ குடிக்க வருவாக?" என்று சிரிக்கக்கூடச் சிரித்தார். அப்புறம் லைசென்ஸில் இருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியின் இரும்பில் விரலை ஓட்டினார். ஓட்டிய விரல் நின்றது. வெளிச்சத்தில் திருப்பினார். பனியன் நுனியால் துடைத்தார்.

"நம்பர் எங்க?"

அந்த இடம் வழவழவென்று கண்ணாடிபோல் இருந்தது. ஒரு கீறல் கிடையாது. அத்தான் குனிந்து பார்த்தார், நான் பார்த்தேன், டீக்கடைக்காரன்கூட எட்டிப் பார்த்தான்.

ராஜகுருவின் சிரிப்பு போய்விட்டது. "நம்பர் இல்லாத துப்பாக்கின்னா அது இந்த லைசென்ஸுல உள்ள துப்பாக்கின்னு நான் எப்படி நம்புறது? கள்ளத் துப்பாக்கின்னுதான் எழுதணும். நம்பரை அழிச்சிருந்தா அது வேற தனிக் கேஸு. ஜாமீன் கெடைக்கிறதே கஷ்டம் அண்ணாச்சி." இன்றைக்குச் சனி, நாளைக்கு ஞாயிறு, அப்புறம் பூஜை விடுமுறை, புதன்கிழமைதான் ஆபீஸ் திறக்கும், அன்றைக்கு விருதுநகர் ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர் பார்த்து என்ன சொல்கிறாரோ அதன்படிதான் என்றார். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும். அத்தான் ஊரைவிட்டுப் போகக்கூடாது. "காளிராஜ், நீதான் பொறுப்பு."

அந்த நாலு நாளும் அத்தான் சாப்பிடவில்லை. தனக்குத் துப்பாக்கி விற்றவன் ஏதோ கொள்ளைக்காரனிடமிருந்து வந்ததை நம்பரைத் தேய்த்துத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். "எத்தனை பேரைச் சுட்டதோ மாப்ளே. அதைத் தலைமாட்டுல வச்சுல்ல படுத்துருந்தேன்" என்று புலம்புவார். வாங்கும்போது நம்பர் இருந்ததா என்று கேட்டால், "இருந்துச்சா, இல்லையா, எனக்கே தெரியலையே" என்பார். வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாரே, அங்கே பார்க்கவில்லையா? தாளைத்தான் பார்ப்பார்களாம், துப்பாக்கியை யாரும் திருப்பிக்கூடப் பார்த்ததில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், ஒரு மஞ்சள் பையில் ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, விபூதிப் பொட்டலம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"உள்ள போட்டா மாத்துத்துணி வேணும்ல. ஏன் மாப்ளே, அங்க தலகாணி குடுப்பாங்களா, நம்மதான் கொண்டுபோகணுமா?"

எனக்கு அழுவதா, அடிப்பதா என்று தெரியவில்லை. இந்த அக்காவோ கொண்டைக்கடலை ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறாள். புருஷன் ஜெயிலுக்குத் தலகாணி தேடுகிறான், இவளுக்குச் சுண்டல். "உனக்கு மனசு கல்லா?" என்று கத்தினேன். "நம்ம ஒரு தப்பும் பண்ணல. பூசையை விட்டாத்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உரிக்கப் போனாள்.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. சாயங்காலம் அக்கா தாம்பாளத்தில் தேங்காய், பழம், சந்தனக் கிண்ணத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க. ஸ்டேசனுக்குப் போயிட்டு வருவோம். நம்ம சாமான் அங்க இருக்கு. நல்ல நாளும் அதுவுமா பொட்டு வைக்காம விடக்கூடாது."

நானும் அத்தானும் எவ்வளவோ சொன்னோம். கேட்டால்தானே. அவள் முன்னால் நடக்க, நாங்கள் ரெண்டு பேரும் பலிக்குப் போகிற ஆடு மாதிரிப் பின்னால் போனோம்.

ஸ்டேஷனிலும் பூஜைதான். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே மேஜைமேல் ரைஃபிள்கள் எல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு. லத்திக்குக்கூடக் குங்குமம். எங்கள் துப்பாக்கி மட்டும் தனியாக ஒரு மூலையில், கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டி, பொட்டு இல்லாமல் சாத்தியிருந்தது. ராஜகுரு எங்களைப் பார்த்து, "வாங்கக்கா, நல்ல நாள் அதுவுமா வந்திருக்கீக" என்று பொரியும் சுண்டலும் எடுத்து நீட்டினார்.

அக்கா அதை வாங்கவில்லை. "அதுக்கு ஏன் பொட்டு வைக்கல?"

"அது கேஸு சாமான்க்கா. தொடக்கூடாது."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேஜைமேல் இருந்த ரைஃபிள்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். என் அக்காவுக்கு மனசு நொந்தால், யாருடைய வீட்டிலாவது அழுக்குத் தெரியும்.

"ஆமா, இதையெல்லாம் விளக்கவே இல்லையா? இப்படியே கறுகறுன்னு வச்சா பூசை பண்றது? பொட்டு வைக்கிறதுக்கு மின்னாடி புளி போட்டுத் தேய்க்க வேணாமா?"

சுண்டலை வாய்க்குக் கொண்டுபோன ராஜகுருவின் கை அப்படியே நின்றது.

"என்னக்கா சொன்னீங்க? புளியா?"

"புளி, சாம்பல், கொஞ்சம் செங்கப்பொடி. தேங்கா நாரை வச்சுத் தேய்ச்சு, கழுவி, நல்லெண்ணெய் போட்டுத் தொடைச்சு வச்சா எப்படி இருக்கும்! நம்மதைப் பாருங்க. வருசா வருசம் இந்தக் கையாலதான் விளக்கினேன். வந்த புதுசுல அதுவும் இதே கறுப்புத்தான். அந்த ஓரத்துல என்னமோ சொரசொரன்னு அழுக்கு அப்பிக் கெடந்துச்சு. அது போறதுக்கு மட்டும் எனக்கு நாலஞ்சு வருசம் ஆச்சு."

எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. அந்தச் சொரசொரப்புதான் நம்பர்! அக்கா அதை அழுக்கென்று நினைத்து, அடிப்பிடித்த பால்சட்டியைச் சுரண்டுகிற மாதிரி வருஷக்கணக்காகத் தேய்த்துத் தள்ளியிருக்கிறாள். வெள்ளிக் கிண்ணமாம், உயர்ந்த ஜாதி இரும்பாம்!

ராஜகுரு சிரிப்பை அடக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்க தேய்ச்சது அழுக்கில்ல. கவர்மெண்டு அடிச்ச நம்பரு. அதை அழிக்கிறது குத்தம். யாரு அழிச்சாங்கன்னு நான் இப்ப எழுதியாகணும்."

அக்காவின் தாம்பாளம் சரிந்தது. தேங்காய் உருண்டு விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அப்போது எங்கள் அத்தான் முன்னால் வந்தார். காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற அருஞ்சுனை அத்தான், ஏட்டுக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவ இல்லைங்கய்யா. நான்தான் தேய்ச்சேன். என் பேரை எழுதுங்க."

நான் அசந்துபோனேன். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. ராஜகுரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா? என்ன போட்டுத் தேய்ச்சீக?"

அத்தானுக்கு வீட்டில் ஒரு டம்ளர் கழுவத் தெரியாது. அண்ணாந்து யோசித்தார். "சோப்பு" என்றார்.

"சோப்புக்கு அது எங்க போகும்? அவுக சொல்றதை எழுதாதீக. புளிதான். நான்தான்" என்று அக்கா பின்னாலிருந்து அழுதுகொண்டே சொன்னாள்.

அதற்குமேல் ராஜகுருவால் முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாரா நின்ற போலீஸ்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கினார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜகுரு சொன்னார்: "அண்ணாச்சி, இதை இப்படியே எழுதுறேன். படிக்கிறவுக சிரிச்சாலும் பரவால்ல. என்னால நம்ப முடியுது. ஆனா நான் நம்பி என்ன பண்ண? புதன்கெழமை அங்க ஏதாவது ஒரு அடையாளம் கெடைச்சாத்தான் நீங்க தப்பிக்க முடியும்."

அன்றைக்கும் மறுநாளும் அக்கா எந்தப் பாத்திரத்தையும் தொடவில்லை. பூஜைக்குச் சமைத்த சட்டி பானை எல்லாம் அடுக்களையில் அப்படியே குவிந்துகிடந்தன. என் பெண்டாட்டி கழுவப் போனபோது, "புளியைக் கண்ணுல காட்டாதே" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாளாம். அத்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "சிவபுரி எலுமிச்சம்பழம் இல்லை, வெள்ளைத்தாயி, நம்ம ஊருப் புளி. அதான் இம்புட்டு வேலை பார்த்துருக்கு" என்று வேடிக்கை பேசிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மஞ்சள் பை கதவோரம் தயாராக இருந்தது.

புதன்கிழமை காலையில் துப்பாக்கி ஜீப்பில் போனது. நாங்கள் பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய், மாறி, விருதுநகர் போனோம். மஞ்சள் பையை அத்தான் மடியிலேயே வைத்திருந்தார். ஆயுதப்படைக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் கண்ணாடி போட்ட ஒல்லியான போலீஸ்காரர். ராஜகுரு எழுதியதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி அத்தானைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய்" என்றார்.

அப்புறம் ஒரு திருப்புளியை எடுத்து, குழலுக்கு அடியில் கையால் தாங்கிப் பிடிக்கிற மரக்கட்டையின் திருகைக் கழற்றினார். கட்டை லேசில் வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு அப்படி இறுகிக் கிடந்தது. தட்டித் தட்டி எடுத்தார். உள்ளே இரும்பு வாங்கினபோது இருந்த அதே கறுப்பு. துணியால் அழுத்தித் துடைத்தார்.

"லைசென்ஸைப் பார்த்துச் சரிபாருங்க" என்று ராஜகுருவிடம் சொல்லிவிட்டுப் படித்தார். "நாலு."

"நாலு" என்றார் ராஜகுரு.

"ஏழு."

"ஏழு."

அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நகம் உள்ளே இறங்கியது. எனக்கு வலிக்கவே இல்லை.

"ஒண்ணு. ஏழு. மூணு."

"ஒண்ணு. ஏழு. மூணு. அவ்வளவுதான். சரியா இருக்கு."

"வெளியில அடிச்ச நம்பரையே உள்ளயும் அடிச்சிருக்கான். வீட்டம்மா கட்டையைக் கழத்தத் தெரியாதவுகளா இருந்ததுனால பொழைச்சீக" என்றார் கண்ணாடிக்காரர்.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அழுகை சிரிப்பாகியிருந்தது. நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். கோபக்காரனுக்கும் மூக்கு உண்டு.

கலெக்டர் ஆபீஸில், "இங்கேயும் வைத்துக்கொள்ள மனுப் போடுகிறீர்களா? காரணம் கேட்பார்கள், விசாரணை நடக்கும், எலெக்ஷன் வந்தால் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், கொஞ்சம் கெடுபிடிதான்" என்றார்கள். "வேண்டாங்கய்யா, வேண்டவே வேண்டாம்" என்று அத்தான் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ஒப்படைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டார். லைசென்ஸை ரத்து செய்து முறையான தாள் வரப் பங்குனி ஆயிற்று. ஆனால் துப்பாக்கி அன்றைக்கே போய்விட்டது.

திரும்பும்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆறு புரோட்டா தின்றார். நாலு நாள் பசி. தின்றுவிட்டுத் தோளை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"தோளு சும்மா இருக்கு மாப்ளே. எம்புட்டு நல்லா இருக்கு!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொல்றேன், அக்காகிட்ட சொல்லாத. அது என்னைக் காக்கும்னு சொல்லித்தான் வாங்கிக் குடுத்தாங்க. பதினாலு வருசமா நான்தான் அதுக்குக் காவல். எவனாவது தூக்கிட்டுப் போயி யாரையாவது சுட்டுட்டா என் பேருல்ல வரும்னு, ஒரு நா கண்ணசந்து தூங்கினதில்ல. நல்லவேளை, நம்ம ஊர்ல இதை வச்சிருக்க விடல" என்றார்.

பந்தல்குடியில் இறங்கியபோது அக்கா ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ரெண்டு பேரையும் எண்ணிப் பார்த்தாள். "நம்பர் இருந்துச்சு, வெள்ளைத்தாயி. கட்டைக்கு உள்ள பத்திரமா இருந்துச்சு" என்று அத்தான் சொன்னதும் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறத்தில் கரகரவென்று சத்தம். ரெண்டு நாளாகக் குவிந்திருந்த சட்டி பானை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, புளியை அள்ளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டி மறுநாள் சொன்னாள், ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததையும் சேர்த்துத் தேய்த்தாளாம்.

தை மாதம் அத்தான் பலசரக்குக் கடை திறந்தார். மல்லி அவர் கடையில் வாங்கினால்தான் மல்லி என்று வீரசோழன் ஊர் வரைக்கும் பேர் உண்டு. அடுத்த ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டார்கள். தராசு, படி, மூட்டை குத்திப் பார்க்கிற ஊசி எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. துப்பாக்கி ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்கும் மேலே, புளிக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தார் அத்தான்.

அக்கா கொல்லையிலிருந்து எடைக்கற்களை ஒரு கூடையில் சுமந்துகொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் புது ரூபாய் மாதிரி மின்னியது. எனக்குப் பகீரென்றது. எடைக்கல்லின் அடியில் ஈயத்தில் சர்க்கார் முத்திரை இருக்கும். அது இல்லாவிட்டால் கடைக்காரன்மேல் கேஸ். அத்தான் முகமும் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் ரெண்டு கிலோக் கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

அடிப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. தை மாதத்திலிருந்து சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, மல்லித் தூசி, நடுவில் முத்திரை, ஒன்றும் கலையவில்லை. அஞ்சு கிலோவைப் புரட்டினார். அதுவும் அப்படியே. ஒவ்வொரு கல்லிலும் அந்த ஒரு பக்கத்தைத் தண்ணீர்கூடப் படாமல் விட்டிருந்தாள்.

அக்கா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "மேப்பக்கம் சாமிக்கு. அடிப்பக்கம் கவர்மெண்டுக்கு. எனக்குத் தெரியும், நீங்க கல்லைக் கீழ வைங்க."

அத்தான் கல்லைக் கீழே வைத்தார். அப்புறம், பூஜைக்கு வந்திருந்த வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், அவளிடமிருந்து சந்தனக் கிண்ணத்தை வாங்கி, அவள் காட்டின இடத்தில் எல்லாம் அவரே பொட்டு வைத்தார்.